கை நீட்டத் தடை

எங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. மனிதர்கள் எங்கே போக வேண்டும் என்பது மட்டும் ஒரே ஒருவருக்குத் தெரியும். அவரைக் கைகாட்டி என்று கூப்பிடுவோம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

நாலு மாடி, நூற்றுப் பன்னிரண்டு அறை, மூன்று படிக்கட்டு, நினைத்தால் ஓடும் ஒரு லிஃப்ட். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் நடுவில் மனிதனுக்குத் தேவைப்படும் கட்டட அனுமதி, கடை உரிமம் எல்லாம் இங்கேதான் கிடைக்கும், கிடைத்தால். வாசலில் நுழைந்ததும் ஒரு மேசை. அதன் பின்னால் கைகாட்டி. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துவிட்டு இவர் வலது கையை நீட்டிவிடுவார்.

"நேரா போங்க. தண்ணி டிரம் தாண்டினதும் இடது கைப் பக்கம் நாலாவது கதவு. மூணாவது கதவைத் தட்டிடாதீங்க, அவரு தூங்குவாரு."

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட வழி தவறியதில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் வேலை நடக்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

நான் தபால் பிரிவு எழுத்தர். என் மேசை அவர் மேசைக்குப் பக்கத்தில் என்பதால் நடந்தது முழுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். வேறு வேலை இருந்திருந்தால் பார்த்திருக்க முடியாது.

கைகாட்டியின் மனைவியும் இங்கேதான் வேலை செய்கிறார். தரைத்தளத்தில் நகல் எடுக்கும் அறை. எல்லோருக்கும் ஜெராக்ஸ் அக்கா. அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. எழுத்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காகிதத்தின் ஓரம் விரலுக்குத் தெரியும் என்பதால் ஒரு நகலும் கோணலாக வந்ததில்லை. சிக்கல் அலுவலகத்துக்கு வெளியேதான். எதிர்ப்பக்கம் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் எட்டு வண்டி ஒரே நேரத்தில் போகிற அகலத்துக்கு ஒரு சாலை. சிக்னல் கிடையாது. காலையும் மாலையும் கைகாட்டி அக்காவின் கையைப் பிடித்து அந்தச் சாலையைக் கடத்திவிடுவார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் அலுவலக விவகாரம்.

எங்கள் இயக்குநர் வெளிநாட்டில் பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியதும் எல்லோரையும் கூட்ட அரங்குக்கு வரச்சொன்னார். அரங்கு எங்கே என்று கைகாட்டி எங்களுக்குக் கை காட்டினார்.

"முதல் நாளே எனக்கு அவசரமா பாத்ரூம் போக வேண்டியிருந்துச்சு," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "அங்க நின்ன ஒருத்தரைக் கேட்டேன். அவரு கையைக்கூட அசைக்கல. ஒட்டியே போக அலாங்னு ஒண்ணு, தாண்டிப் போக பாஸ்ட்னு ஒண்ணு, நுழைஞ்சு போக த்ரூன்னு ஒண்ணு. மூணே சொல்லு. நேரா போய்ச் சேர்ந்துட்டேன். இங்க ஆறு வருஷமா இருக்கேன். நம்ம ஆபீஸ்ல பாத்ரூம் எங்க இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. காரணம் என்ன? மொழி."

அவர் அறைக்குள்ளேயே ஒரு பாத்ரூம் இருப்பது காரணமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"தமிழ்ல உருபு எங்க ஒட்டுது? சொல்லுக்குப் பின்னாடி. மாடி, க்கு. அறை, யில். எல்லாமே பின்னாடி. இங்கிலீஷ்ல அது முன்னாடி நிக்குது. அதனாலதான் அதுக்கு முன்னிடைச்சொல்லுன்னே பேரு. முன்னாடி நிக்கிறவன்தான் முன்னேறுவான். பின்னாடி ஒட்டிக்கிட்டே திரியற நாம எப்படி முன்னேறுறது?"

அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டினால் சீக்கிரம் முடியும் என்பது என் அனுபவம்.

அந்த வாரமே 'இடப்பெயர்ச்சி மற்றும் திசைச்சொல் நெறிப்படுத்தும் பிரிவு' உதயமானது. பெயர்ப்பலகை ஒரு சுவரில் அடங்காமல் மூலை திரும்பி அடுத்த சுவரிலும் கொஞ்ச தூரம் போனது. பிரிவில் ஏழு பேர். அவர்களுடைய அறை எங்கே என்று ஏழு பேரும் கைகாட்டியிடம் கேட்டுத்தான் போனார்கள்.

போன கையோடு முதல் சுற்றறிக்கையை விட்டார்கள்: 'அலுவலக வளாகத்தில் ஊழியர்கள் பொதுமக்களிடம் கை நீட்டுவது உடனடியாகத் தடை செய்யப்படுகிறது.'

உரிமப் பிரிவில் இடி விழுந்தது. மூன்று பேர் மருத்துவ விடுப்பில் போனார்கள். ஒருவர் தன் மேசை இழுப்பறைகளை எல்லாம் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொருவர் பதற்றத்தில் ஒரு கடை உரிமத்தை விண்ணப்பித்த அன்றைக்கே கொடுத்துவிட்டார். வாங்கியவர் இது அசல்தானா என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு நாள் கழித்து விளக்கக் குறிப்பு வந்தது: 'கை நீட்டுவது என்பது இங்கே திசை காட்டுவதை மட்டுமே குறிக்கும்.' உரிமப் பிரிவு பெருமூச்சு விட்டுவிட்டுப் பழையபடி வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

ஆக, மொத்தக் கட்டடத்தில் அந்தத் தடை பாதித்தது கைகாட்டியை மட்டும்தான்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில்தான் வழி சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னார். பிறப்புச் சான்றிதழுக்கு வந்த பெண்மணி, "அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியல, கொஞ்சம் கையைக் காட்டுங்க," என்றார். கைகாட்டி மோவாயை லேசாக இடது பக்கம் திருப்பினார். பிரிவின் பறக்கும் படை தூணுக்குப் பின்னால் நின்றிருந்தது. 'மோவாயால் திசை காட்டியது' என்று ஒரு குறிப்பாணை. அடுத்த நாள் 'புருவத்தால் காட்டியது' என்று இன்னொன்று. மூன்றாம் நாள் அவர் தும்மினார். தும்மலின் திசை பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள்.

சுவர் முழுக்கப் பலகைகள் வந்தன. எல்லாம் ஆங்கிலம். மக்களுக்குப் புரியவில்லை என்று புகார் போனதும் ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழாக்கம் எழுத மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு உத்தரவு. லிஃப்டைத் தாண்டிப் போகச் சொல்லும் பலகையில் பாஸ்ட் என்ற சொல் இருந்தது. அதற்கு அவர்கள் அகராதியில் முதலில் இருந்த பொருளை எழுதினார்கள்: 'கடந்தகால மின்தூக்கி.' ஒரு பெரியவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, இப்ப ஓடற லிஃப்ட் எங்க இருக்கு?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான், ஓடாது என்றேன்.

பிறகு பயிற்சி வகுப்பு. ஏதோ நிறுவனத்திலிருந்து ஒரு பயிற்சி மேடத்தைக் கூட்டி வந்தார்கள். நல்ல பெண். கையில் சாக்பீஸ், எதிரில் ஒரு நாற்காலி, ஒரு மேசை. ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே செய்து காட்ட வேண்டும். கண்காணிப்பாளர் நாற்காலியை அரவுண்ட் என்று ஐந்து முறை சுற்றிவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்தார். உரிமப் பிரிவுக்காரர் அண்டர் த டேபிள் என்ற பாடத்தை மட்டும் ஒரே தடவையில் பிழையில்லாமல் செய்தார். மேடம் பாராட்டினார். நாங்களும் பாராட்டினோம்.

"த்ரூன்னா என்ன?" என்று மேடம் கேட்டார். கைகால் நீளமான ஒருவரை நாற்காலியின் முன்னங்கால்களுக்கு நடுவே நுழையச் சொல்லிப் பின்பக்கமாக வெளியே இழுத்தார். "ஒரு பக்கமா போய் மறுபக்கமா வெளிய வரணும். வெளிய வந்தாத்தான் த்ரூ. உள்ளயே நின்னுட்டா அது இன்டு. புரிஞ்சுதா?"

கைகாட்டி அதை நோட்டில் எழுதிக் கோடு போட்டுக்கொண்டார். அவர் எதையும் நம்பிப் படிக்கிற ஜாதி. கஷ்டமே அதுதான்.

தேர்வு. இருபது கேள்வி, பதினெட்டு எடுத்தால் சான்றிதழ். எடுக்காதவர்கள் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பழைய கோப்புக் கிடங்குக்குப் போக வேண்டும். கிடங்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் கையெழுத்துப் போட முடியும்.

கைகாட்டி எடுத்தது பதினேழு.

விட்ட மூன்றில் ஒன்று சாதாரணத் தவறு. இன்னொன்று: 'பார்வையாளர் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து அலுவலகத்தை விட்டு வெளியே வந்தார்' என்ற பொருளில் ஒரு வாக்கியம், நடுவே கோடிட்ட இடம். அதை அவர் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லையே. பார்க்காததை எப்படி எழுதறது?" என்றார். மூன்றாவது, பதினெட்டாம் கேள்வி. 'கோப்பு அதிகாரியின் ஊடாகச் செல்கிறது.' அதற்கு விடை த்ரூ. இவர் இன்டு என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு மதியம் அக்கா அவருக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

"நான் சமாளிச்சுக்குவேன்," என்றார் அக்கா. "சத்தம் வச்சுக் கடந்துடலாம். வண்டி வந்தாக் கேக்கும்ல."

"இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் சத்தமே இல்ல," என்றார் கைகாட்டி. "நீ தனியா அந்த ரோட்டைக் கடக்கறதா இருந்தா நான் வேலையையே விட்டுடறேன்."

"விட்டுட்டு? வீட்டுல உக்காந்து எனக்குச் சமையலறைக்கு வழி காட்டப் போறீங்களா?"

சிரித்தார்கள். மேல்முறையீடு போடச் சொன்னது நான்தான்.

மேல்முறையீடு முறைப்படி போக வேண்டும். கண்காணிப்பாளர் வழியாக, மேலாளர் வழியாக, உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர் வழியாக இயக்குநருக்கு. த்ரூ ப்ராப்பர் சேனல் என்று மேலே எழுதி, நீல அட்டையில் வைத்து, அக்கா தன் கைக்குத் தெரிகிற மாதிரி ஓரத்தில் பச்சை நூலால் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் முத்திரை குத்தி அனுப்பினேன். மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டோம்.

"அது எங்களைக் கடந்து போயிடுச்சே," என்றார் கண்காணிப்பாளர். மற்ற நாலு பேரும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்கள். கடைசியில் இணை இயக்குநர், "நேத்தே இயக்குநர் ரூமுக்குள்ள போச்சு," என்றார். எந்த நேற்று என்று சொல்லவில்லை.

மாதக் கடைசி நாள் வந்தது. அன்றைக்குத்தான் மேலிடத்து ஆய்வுக்குழுத் தலைவி எங்கள் புதிய முறையைப் பார்வையிட வருகிறார் என்று தகவலும் வந்தது. வாசலில் கோலாகலம். கைகாட்டி மட்டும் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார்: ஒரு பேனா, ஒரு தைல பாட்டில், அந்தப் பயிற்சி நோட்டு.

தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. நாலாம் மாடியில் இயக்குநர் அறையில் டீ குடித்துவிட்டு, "பதினாலாம் நம்பர் அறைக்குப் பொதுஜனம் எப்படிப் போவாங்களோ அப்படியே என்னைக் கூட்டிட்டுப் போங்க. நாம ரெண்டு பேரு மட்டும். பொதுஜனம் பரிவாரத்தோட வர்றதில்ல," என்றாராம். இயக்குநர் பிரிவு அச்சடித்த வழிகாட்டிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆறு வருடத்தில் காரிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து அறை என்று போய்வந்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் அறைக்கு இடது பக்கம் திரும்பினார். அவர் வரும் போதும் போகும் போதும் மட்டும் லிஃப்ட் ஓடும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கீழே பதினாலாம் அறை வாசலில் அதிகாரிகள் பூங்கொத்தோடு காத்திருந்தார்கள். பத்து நிமிடம். இருபது நிமிடம். கைகாட்டி மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. அதில் காதில் வைத்துப் பேசும் பாகம் உடைந்து வருஷமாகிறது, ஒலிபெருக்கியில்தான் பேச முடியும். அதனால் எனக்கும் கேட்டது.

"விசாரணை மேசைங்க. வணக்கம்."

"நான் இயக்குநர் பேசறேன்யா. நாங்க எங்க இருக்கோம்?"

கைகாட்டி என்னைப் பார்த்தார். "சார், எல்லாரும் எங்க போகணும்னுதான் கேப்பாங்க. எங்க இருக்கோம்னு கேட்டது நீங்கதான் முதல்."

"காகிதத்துல போட்ட மாதிரிதான் வந்தோம். அலாங் போனோம். பாஸ்ட் போனோம். ரெண்டாவது கதவுல த்ரூ போனோம். கதவு பின்னாடி சாத்திக்கிச்சு. உள்ள கைப்பிடி இல்ல. ஒரே கோப்பா கிடக்கு."

"சன்னல் தெரியுதுங்களா சார்?"

"சன்னலை மறைச்சும் கோப்புதான்."

கைகாட்டியின் வலது கை தானாக எழுந்தது. உடனே இடது கையால் அதைப் பிடித்து இறக்கினார். "எந்த அறைன்னு தெரிஞ்சுபோச்சு சார், உங்க ரூமுக்கு வர்ற கோப்பையெல்லாம் கொண்டுபோய்ப் போடற அறை. ஆனா நான் சொல்லக் கூடாதுங்க."

"ஏன்யா?"

"ஒன்பதாவது சுற்றறிக்கை சார். சான்றிதழ் இல்லாதவங்க யாருக்கும் எந்த வழியும் சொல்லக் கூடாது. எனக்குப் பதினேழு மார்க்கு."

நான் சத்தியம் செய்யத் தயார், அவர் குத்திக் காட்டவில்லை. அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஏற்கெனவே மூன்று குறிப்பாணை. நாலாவது வந்தால் இன்றைக்கே கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தார். சாயங்காலம் அக்காவைக் கூட்டிப் போக வேண்டும்.

போனில் தலைவியின் குரல் வந்தது. "நீங்க மேல்முறையீடு எதுவும் போடலையா?"

"போட்டேன் மேடம். எல்லாரையும் கடந்து இயக்குநர் சார் ரூமுக்குள்ள போச்சுன்னாங்க. நீல அட்டை. ஓரத்துல பச்சை நூல்ல மூணு முடிச்சு இருக்கும், என் சம்சாரம் போட்டது."

சற்று நேரம் காகிதங்கள் சரியும் சத்தம். பிறகு தலைவி, "நான் இதுமேலதான் உக்காந்திருந்தேன்," என்றார். பிரித்துச் சத்தமாகவே படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா, பதினெட்டாம் கேள்வி தொடர்பாக. ஒரு பக்கம் போய் மறுபக்கம் வெளியே வந்தால்தான் த்ரூ என்று நாற்காலியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக வாசலில் இருக்கிறேன். கோப்புகள் அதிகாரிகளிடம் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்டு என்று எழுதினேன். தவறு என்றால் மன்னிக்கவும். சரி என்றால் ஒரு மதிப்பெண் போடவும். நான் கிடங்குக்குப் போனால் என் மனைவியைச் சாலை கடத்திவிட ஆள் இல்லை.'"

நகல் அறை வாசலில் அக்கா வந்து நின்றிருந்தார். பூங்கொத்துக்காரர்களும் வந்து கூடியிருந்தார்கள்.

"இயக்குநர் சார்," என்றார் தலைவி. "அந்தக் கேள்விக்குச் சரியான விடை என்ன?"

"த்ரூ, மேடம்."

"அப்ப இது உங்ககிட்டேருந்து எந்தப் பக்கமா வெளிய வந்துச்சு?"

இயக்குநர் யோசித்தார். எங்களுக்கு அந்த யோசனையே கேட்டது. "மேடம், அது இன்னும் வந்துக்கிட்டு இருக்கு," என்றார்.

"ஒரு மார்க் போடுங்க."

பேனா கீறும் சத்தம். "போட்டுட்டேன் மேடம். உத்தரவை முறைப்படி இணை இயக்குநர் த்ரூ..." என்றவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "யோவ், நீ பாஸ். இப்ப வழியைச் சொல்லு."

கைகாட்டி கையிலிருந்த பையை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "சார், அந்தக் கதவுக்கு உள்ள கைப்பிடி இல்ல. எந்தச் சொல்லு சொன்னாலும் திறக்காது. நான் வர்றேன்."

நாலு மாடியும் ஏறிப் போனார். கதவைத் திறந்ததும் வலது கையை நீட்டினாராம். இயக்குநர் அந்தக் கை காட்டிய பக்கம் நடந்தாராம்.

ஆய்வறிக்கை பத்து நாளில் வந்தது. எங்கள் முறை பெரும் வெற்றி, எல்லா அலுவலகங்களுக்கும் பரப்பலாம் என்று பரிந்துரை. அந்த அம்மாவும் ஒரு அலுவலகத்துக்குத்தானே திரும்பிப் போக வேண்டும். ஒரே ஒரு திருத்தம்: 'இனி சான்றிதழ் பெற்றவர்கள் மட்டும் கை நீட்டலாம்.' அடுத்த பயிற்சி வகுப்புக்கு உரிமப் பிரிவிலிருந்து ஒருவர் விடாமல் விண்ணப்பித்தார்கள். எல்லோரும் இருபதுக்கு இருபது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மாதக் கடைசி நாள் சாயங்காலத்தை. வேலை முடிந்து அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நானும் வாசலுக்கு வந்தேன். சாலையில் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. இழுப்பறைப் பொருள் இருந்த பை அக்காவின் தோளில்.

"இனிமே என்னை இங்கிலீஷ்லதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார் அக்கா.

"இதுக்கு அக்ராஸ்னு பேரு. அந்தக் கேள்வியில எனக்கு ஃபுல் மார்க்கு."

"எனக்கு அது தெரியும். உங்க கையைப் பிடிச்சுக்கறதுதானே அது."

கைகாட்டி ஒரு கையை அக்காவிடம் கொடுத்துவிட்டு இன்னொரு கையை வண்டிகளைப் பார்த்து நீட்டினார். ஒரு லாரி நின்றது. இரண்டு கார் நின்றன. பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. யாரும் அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை.